அந்தப் பழைய கணினிகளைக் கழிக்க வேண்டாம்



இது நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும், வீட்டில் பழைய போட்டோ, கெசட், சீடி வைத்திருப்பவர்களும், என்னிடம் கணினி படித்த பிள்ளைகளும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னர் வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை கோல் எடுத்தா. நம்மட ஊர்ப் பிள்ளைதான், கலியாணம் முடித்துப் போனவ. "சேர், எங்கட மூத்தும்மாட குரல் உங்களிட்ட இருக்காம் எண்டு உம்மா சொன்னா. ஒருக்கா அனுப்பேலுமா? என்ட மகளுக்குக் கேட்கக் குடுக்கணும்" என்று கேட்டா.

அந்த மூத்தும்மாவைத் தெரியாதவர்கள் நம் ஊரில் குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத காலத்தில் இங்கே பாதிப் பேரைக் கையில் ஏந்திய மருத்துவிச்சி. 2011 ஆம் ஆண்டு, தரம் 11 பிள்ளைகளைக் கொண்டு ஊரின் மூத்தவர்கள் ஒன்பது பேரிடம் பழைய கதைகளைக் கேட்டு ஒலிப்பதிவு செய்தோம். ஒன்பது பேரில் அவ மட்டும்தான் பெண். கூச்சப்பட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்து, பிறகு ஒன்றரை மணித்தியாலம் நிறுத்தாமல் பேசினா.

"இருக்கு மகள், தேடி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டேன். தேடினேன். பாடசாலைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துப் போயிருந்தது. பரவாயில்லை, நான் இரண்டு டிவிடிகளில் ரைட் பண்ணி வைத்திருந்தேனே என்று அலுமாரியின் மேலிருந்து எடுத்தேன். ஒன்றைப் போட்டால் பாதியில் நின்று இழுக்கிறது. மற்றதைப் போட்டால் வெறும் தட்டு என்கிறது.

அந்த வகுப்பிலிருந்த ஒரு மாணவன் தன் வீட்டுக் கணினியில் தனக்கென்று ஒரு பிரதி எழுதி வைத்திருந்தான். இப்போது கட்டாரில் வேலை. அவனுடைய உம்மா அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின்னில் அதைப் பத்திரமாக வைத்திருந்தா. போட்டுப் பார்த்தால், எல்லாக் கோப்புகளும் ஒரு பழுதும் இல்லாமல் திறந்தன. ஆனால் அவன் அதை எழுதிய நாளில் ஆறு பேரின் பதிவுகள்தான் முடிந்திருந்தன. மீதி மூன்றில் இரண்டை, பாதியில் நின்ற என் டிவிடியிலிருந்து, பழுதான தட்டைத் துண்டு துண்டாகப் படித்தெடுக்கும் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளால் இரண்டு இரவு முழுக்க ஓடவிட்டு மீட்டேன்.

மீளாத ஒன்று அந்த மூத்தும்மாவுடையது. அவ மௌத்தாகி வருடங்கள் ஆகின்றன. அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஊரிலுள்ள பல இடங்களில் பழைய கணினிகளைக் கழிக்கும் பேச்சு நடக்கிறது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஐ அந்தப் பழைய இயந்திரங்கள் ஏற்காது. ஆகவே பொருட்கணக்கெடுப்பில் கழித்து, பழைய இரும்புக்குப் போடலாம் என்கிறார்கள். அந்தக் கணினிகளின் முன்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு டிவிடி ரைட்டர் இருக்கும். புதிதாக வாங்குகிற மடிக்கணினிகளில் அது இல்லை.

என் கருத்து இதுதான்: நம் மஹல்லா இழக்கக் கூடாத பதிவுகள் எவை என்று முதலில் ஒரு பட்டியல் போட வேண்டும். அவற்றை டிவிடியில் எழுதி, சரிபார்த்து, மூன்று இடங்களில் வைக்க வேண்டும். அதைக் கட்டளை வரியில், தாளில் எழுதி வைத்த கட்டளைகளைக் கொண்டு செய்ய வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு கணினியும் வாங்கத் தேவையில்லை. கழிக்கப் போகிற கணினியே போதும்.

இப்போது நம் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் புத்தகத்தை யாரோ ஒரு தம்பி போனில் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டார். போன் மாறினால் படம் போய்விடும். ஜனாஸாப் பதிவேட்டின் பிரதி ஒருவரின் பென்டிரைவில் இருக்கிறது. அந்தப் பென்னைக் கொமியூனிகேஷன் கடையில் போட்டால் வைரஸ் ஏறிக்கொண்டு வருகிறது. மர்ஹூம்களான உலமாக்களின் பயான்கள் கெசட்டில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. வீட்டுப் போட்டோக்கள் கூகுள் கணக்கில். அது இலவசமாகத் தருவது 15 ஜிபி. இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. மௌத்தானவரின் கணக்கை யார் போய்த் திறக்கப் போகிறார்கள்?

இணையத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் நாம் நினைக்கக் கூடாது. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாடு முழுக்கத் தடைப்பட்டதையும், 2022 ஏப்ரலில் மீண்டும் ஒரு நாள் தடைப்பட்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது.

கடல் நம்மிடம் வந்த நாளையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் நம் கரையோர ஊர்களில் உயிர்களோடு பதிவேடுகளும் போயின. உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை இடாப்பு என்று எத்தனை பேர் எத்தனை வருடம் அலைந்தார்கள்! 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்கள் கையில் எதையும் எடுக்க நேரமில்லாமல் வந்தவர்கள். தங்கள் காணி எது, தங்கள் வீடு எது என்று நிரூபிக்க அவர்கள் பட்ட பாடு இன்னும் முடியவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன. ஒரே ஒரு பிரதி ஒரே ஓர் இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாட்டில் எல்லாச் சமூகங்களும் அனுபவித்துத்தான் படித்திருக்கின்றன.

சரி, ஏன் டிவிடி?

முதல் காரணம், ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாது. டிவிடி ஆர் என்று எழுதியிருக்கும் தட்டைத்தான் சொல்கிறேன். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகையை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். லேசர் அந்தத் தட்டினுள் இருக்கும் சாயப் படலத்தைச் சூடாக்கி அடையாளம் வைக்கிறது. வைரஸ் அதை அழிக்காது. தெரியாமல் டிலீட் பண்ண முடியாது. பிறகு யாராவது கணக்குப் புத்தகத்தின் பக்கத்தை மாற்றினார்கள் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. வக்ஃபுச் சொத்துத் தகராறு வந்த ஊர்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, அது நம் கையில் இருக்கும். நம் வீட்டுக் கலியாண வீடியோவையும் பெண்களின் போட்டோக்களையும் எந்தக் கம்பனியிடமும் ஒப்படைக்கத் தேவையில்லை. மாதக் கட்டணம் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை.

மூன்றாவது, விலை. ஒரு கொத்துரொட்டிப் பார்சலின் காசுக்கு நாலைந்து தட்டு வாங்கலாம். ஒரு டிவிடியில் 4.7 ஜிபி கொள்ளும். கணினி கணக்குப் பார்க்கும் முறை வேறு என்பதால் அது 4.37 என்று காட்டும், பயப்பட வேண்டாம். சாதாரண தரத்தில் பதிந்த பேச்சு என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 60 எம்பி கூட வராது. எழுபது மணித்தியாலத்துக்கும் அதிகமான பேச்சு ஒரே தட்டில் அடங்கும். நம் ஊர் மூத்தவர்கள் எல்லோரும் பேசினாலும் சில தட்டுகள்தான்.

இனி, கட்டளை வரி ஏன் என்ற கேள்வி. இதில்தான் பலர் என்னோடு ஒத்துக்கொள்வதில்லை. "சேர், கிளிக் பண்ணினா முடியுற வேலைக்கு ஏன் அந்தக் கறுப்புத் திரை?" என்று ஆசிரியர்கள்கூடக் கேட்கிறார்கள்.

என்னுடைய இரண்டு டிவிடிகளும் கிளிக் பண்ணி எழுதியவைதான். "வெற்றிகரமாக முடிந்தது" என்று ஒரு படம் வந்தது. நம்பி எடுத்து வைத்தேன். உள்ளே போனது சரியாகப் போனதா என்று திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. அந்த மென்பொருள் என்ன வேகத்தில் எழுதியது, சரிபார்க்கும் பெட்டியில் அடையாளம் இருந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. மென்பொருளில் குற்றம் இல்லை, கவனிக்காதது நான். ஆனால் கவனிக்காமல் இருக்க அது எனக்கு வசதி செய்து தந்தது.

கட்டளை வரியில் நான் சொல்லாத எதுவும் நடக்காது. சொன்னது நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று வரி வரியாகச் சொல்லும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கிளிக்கை எழுதி வைக்க முடியாது. "இடப்பக்கம் மேலே ஒரு நீலப் பொத்தான் இருக்கும்" என்று எழுதி வைத்தால் அடுத்த வருடம் அந்தப் பொத்தான் இருக்காது. கட்டளையை எழுதி வைக்கலாம். பதிவேட்டின் அட்டையின் உட்பக்கம் ஒட்டி வைக்கலாம். நான் இடமாற்றமாகிப் போனாலும், மௌத்தானாலும், அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து அப்படியே தட்டலாம். ஒருவரின் கெட்டித்தனத்தில் தங்கியிருக்கிற வேலை அவரோடு போய்விடும் என்பதை நம் ஊர்ச் சங்கங்களில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்!

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கணினியில் லினக்ஸ் போடுங்கள். இலவசம்தான், பழைய இயந்திரத்துக்கென்றே இலகுவான வகைகள் இருக்கின்றன. பிறகு மூன்று படி.

முதற்படி, கைரேகை எடுப்பது. ஷா256சம் என்ற கட்டளை ஒவ்வொரு கோப்பையும் படித்து, 64 எழுத்து நீளமான ஓர் அடையாளத்தைத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த அடையாளம் வேறாகிவிடும். எல்லாக் கோப்புகளின் அடையாளங்களையும் ஒரு பட்டியலாக அதே கோப்புறையில் சேமித்துக்கொள்கிறோம்.

இரண்டாம் படி, எழுதுவது. டிவிடிக்கு குரோஐசோஎஃப்எஸ் என்ற கட்டளை. அதற்கு நான்கு விடயங்களைச் சொல்கிறோம்: எந்த ரைட்டர், எந்தக் கோப்புறை, என்ன வேகம், எழுதி முடிந்ததும் தட்டை மூடிவிடு. மூடுவது என்றால், பிறகு அதில் எதையும் சேர்க்க முடியாதபடி முடித்துவிடுவது. மிக உயர்ந்த வேகத்தில் எழுத வேண்டாம். 4 மடங்கு வேகத்தில் ஒரு முழு டிவிடிக்குச் சுமார் 15 நிமிடம் எடுக்கும். அதுவரைக்கும் ஒரு பிளேன்டீ குடிக்கலாம். சீடியில் எழுதுவதென்றால் வோடிம் என்ற கட்டளை. அதில் லேசரை அணைத்துவிட்டு ஒத்திகை பார்க்கிற வசதியும் உண்டு. தட்டு வீணாகுமே என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் அதைத்தான் சொல்லிக் கொடுப்பது.

மூன்றாம் படி, சரிபார்ப்பது. தட்டை வெளியே எடுத்து, திரும்பப் போட்டு, முடியுமானால் வேறொரு கணினியில் போட்டு, முதலில் எடுத்த கைரேகைப் பட்டியலோடு ஒப்பிடச் சொல்கிறோம். ஒவ்வொரு கோப்புக்கும் நேரே சரி என்று வர வேண்டும். ஒன்றில் பிழை என்று வந்தாலும் அந்தத் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று எழுத வேண்டும். 2011 இல் அந்த மாணவன் செய்ததும் நான் செய்யாததும் இந்த மூன்றாம் படிதான்.

கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதி, அதன் படத்தை முதலாவது கொமெண்டில் போட்டிருக்கிறேன். பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: சில இடங்களில் சீடிரெக்கோர்ட் என்றும் சில இடங்களில் வோடிம் என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம். சீடிரெக்கோர்ட் 1990களிலிருந்து இருப்பது. 2006 இல் உரிம விடயத்தில் கருத்து வேறுபாடு வந்து, டெபியன் குழுவினர் அதிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்ததுதான் வோடிம். கட்டளை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் பட்டுத் தெரிந்த சில விடயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

தட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். நான் அழகாக ஒட்டினேன். பசை காலப்போக்கில் தட்டைக் கெடுக்கும், சுழலும்போது சமநிலையும் போகும். சீடிக்கென்றே விற்கிற மார்க்கரால் நடுவளையத்தில் சிறிதாக எழுதுங்கள். சீடியில் தரவு இருக்கும் படலம் பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறது. கீழ்ப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு மேற்பக்கத்தில் போல்பொயின்ற் பேனையால் கிறுக்குகிறோம்.

வெயில், சூடு, ஈரம் மூன்றும் எதிரி. என் டிவிடிகள் ஜன்னலோரத்தில் அலுமாரியின் மேலே இருந்தன. அவனுடைய உம்மா இருட்டில், டின்னுக்குள் வைத்திருந்தா. ஒரு கணினியும் தெரியாத அந்தத் தாய்க்குத்தான் இந்த ஊர் நன்றி சொல்ல வேண்டும்.

தட்டை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். எழுத்து நடுவிலிருந்து வெளியே போகும். விளிம்புதான் நம் கை படுகிற இடம். துடைப்பதென்றால் வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள்.

கோப்புக்குத் தமிழில் நீளமாகப் பெயர் வைத்தால் பழைய முறைகளில் வால் அறுந்துவிடும். ஜோலியட் என்ற முறையில் 64 குறிகள்தான் கொள்ளும். தமிழில் "கொ" என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறி போய்விடும். ஆகவே சிறிய பெயர், முன்னால் ஆண்டு, அவ்வளவுதான். யார், எங்கே, எப்போது என்ற முழு விபரத்தையும் உள்ளே ஒரு தனிக் கோப்பில் எழுதி வையுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே வீடியோக் கோப்பும் சிக்கல் தரும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி எதிர்க்கருத்து. "டிவிடியின் காலம் முடிந்துவிட்டது சேர்" என்று சொல்வார்கள். உண்மையும் இருக்கிறது. எழுதக்கூடிய புளூரே தட்டுகளின் தயாரிப்பை 2025 பெப்ரவரியோடு நிறுத்துவதாக சோனி நிறுவனமே அறிவித்தது. இருபது வருடம் கழித்து இதைப் படிக்க ரைட்டர் கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் ரைட்டர் உள்ள கணினிகளை இப்போது இரும்புக்குப் போட வேண்டாம் என்கிறேன். யூஎஸ்பியில் கொழுவுகிற ரைட்டர்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. பள்ளிவாசல் ஒன்று, பாடசாலை ஒன்று வாங்கி வைக்கலாம். சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலத்தில் எழுதுகிற, விலை கூடிய எம்டிஸ்க் என்ற வகையும் உண்டு. நிக்காஹ் புத்தகம், வக்ஃபு உறுதி போன்றவற்றுக்கு அது கிடைத்தால் நல்லது.

டிவிடி மட்டும் போதும் என்று நான் சொல்லவேயில்லை. ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள், விரும்பினால் இணையத்திலும் வையுங்கள். அந்தரங்கம் இல்லாதவற்றை, பழைய மலர்கள், துண்டுப் பிரசுரங்கள், அரபுத்தமிழ் கிதாபுகள் போன்றவற்றை, உரியவர்களின் சம்மதத்தோடு நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் எழுத்துகளைச் சேர்த்து வருகிறார்கள். நம் ஊரின் பங்கு அங்கே எவ்வளவு என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தப் பொருளும் நிரந்தரம் இல்லை. தட்டும் ஒருநாள் கெடும். ஹாஃபிழ்கள் ஓதியதைத் திரும்பத் திரும்ப ஓதிப் பார்க்காவிட்டால் மறந்துபோகும் என்று நமக்குத் தெரியும்தானே. இதுவும் அப்படித்தான். வருடத்துக்கு ஒருமுறை, முஹர்ரம் மாதத்தில் என்று வைத்துக்கொள்வோம், எல்லாத் தட்டுகளையும் போட்டு மூன்றாம் படியை மட்டும் ஓட விடுவது. பிழை காட்டுகிற தட்டுக்குப் பதிலாக நல்ல பிரதியிலிருந்து புதிதாக எழுதுவது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய தட்டுக்கு மாற்றுவது.

மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லையா? யமாமா யுத்தத்தில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதான பிறகுதான் அபூபக்ர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் காலத்தில் குர்ஆன் ஒன்றுசேர்க்கப்பட்டது. அந்தப் பொறுப்பை ஏற்ற ஸைத் பின் ஸாபித் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் தாமே மனனம் செய்தவராக இருந்தும், தம் மனனத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் சாட்சியையும் தேடினார்கள். உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் பிரதிகள் எடுத்துப் பல நகரங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். கடனைக்கூட எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்கிறது சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம். அந்த மகத்தான பணியோடு நம் டிவிடியை நான் ஒப்பிடவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். எழுது, சரிபார், பிரதி எடு, வெவ்வேறு இடங்களில் வை என்ற ஒழுங்கு நமக்குப் புதிதல்ல என்று சொல்கிறேன்.

ஆகவே நம்பிக்கையாளர் சபைக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, கழிக்கப் போகிற கணினிகளில் நல்ல ரைட்டர் உள்ள இரண்டையாவது முறைப்படி அனுமதி பெற்று ஒதுக்கித் தாருங்கள். லினக்ஸ் போட்டுத் தருவது என் பொறுப்பு.

இரண்டு, பள்ளிவாசலின் பழைய பதிவேடுகளைப் படம் பிடிக்க அனுமதி தாருங்கள். பக்கம் பக்கமாக, பள்ளிவாசலுக்குள்ளேயே, நிர்வாகத்தில் ஒருவர் முன்னிலையில். ஒரு படம்கூட யாருடைய போனிலும் இருக்காது. ஒரு பிரதி பள்ளிவாசல் பெட்டகத்தில், ஒரு பிரதி பாடசாலையில், மூன்றாவது கடலிலிருந்து தூரத்தில் உள்ள இன்னோர் ஊர்ப் பள்ளிவாசலில். அவர்களுடையதை நாம் வைத்துக்கொள்வோம், நம்முடையதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

மூன்று, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகளை இந்த வேலைக்குத் தாருங்கள். சேமிப்புச் சாதனங்களைப் பற்றி அவர்கள் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறார்கள். ஒரு தட்டைத் தன் கையால் எழுதிச் சரிபார்த்த பிள்ளைகளை எண்ண எனக்கு ஒரு கை விரல்கள் போதும். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்கலாம். மூத்தும்மாக்களின் குரலைப் பதிய பெண் பிள்ளைகள்தான் போக வேண்டும்.

அந்த ஒன்பது பேரில் இன்று உயிரோடு இருப்பவர் ஒருவர். அவரையும் இப்போது படுக்கையில்தான் பார்க்கலாம். அவரைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் இன்று அஸருக்குப் பிறகு போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, உங்கள் சின்ன வயதைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அதை எழுதி வைக்கிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலைக் கணினி அறையில் இருப்பேன். போன், கெசட், பழைய சீடி எதுவானாலும் கொண்டுவாருங்கள். உங்கள் முன்னாலேயே எழுதி, உங்கள் முன்னாலேயே சரிபார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம், தட்டை மட்டும் வாங்கி வாருங்கள்.

அந்த மூத்தும்மாவின் குரல் யாருடைய பழைய போனிலாவது, மெமரி கார்டிலாவது, அந்த வகுப்புப் பிள்ளைகள் யாருடைய கணினியிலாவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். 2011 இல் பதிந்தது, ஒன்றரை மணித்தியாலம். வெளிநாட்டில் ஒரு சின்னப் பிள்ளை அதைக் கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறது.

அல்லாஹ் அவவுக்கும் நம்மை விட்டுப் போன மற்றவர்களுக்கும் மேலான சுவனத்தைக் கொடுப்பானாக. என் கவனக்குறைவை மன்னிப்பானாக.

வஸ்ஸலாம்.